மூணு மாசம் முடியட்டும் என்று காத்திருக்கலாமா? பேறுகால பி.பி.யை முன்கூட்டியே அறிவது பற்றி

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். மனைவிக்கு 29 வயது, தலைப்பிரசவம், இப்போது 10 வாரம். மனைவியின் அக்காவுக்கு மூன்று வருடம் முன்பு பி.பி. ஏறி, 31-ஆம் வாரத்திலேயே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்திருக்கிறார்கள். பிள்ளை 1,100 கிராம். "இந்த மாதிரி வருமா வராதா என்று மூன்றாம் மாதத்திலேயே கண்டுபிடிக்கப் பரிசோதனை இருக்கிறதாமே, எடுக்கலாமா? டாக்டர் ஆஸ்பிரின் தரலாம் என்கிறார். எங்கள் அம்மா, அது ரத்தத்தை இளக்கிவிடும், கரு தங்காது என்று பயப்படுகிறார். இன்னும் வெளியில் யாருக்கும் சொல்லவில்லை, மூணு மாசம் முடியட்டும் என்று இருக்கிறோம்" என்று எழுதியிருந்தார்.

தம்பி, உங்கள் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மூணு மாசம் முடிகிறவரை ஊருக்குச் சொல்லாமல் இருப்பது உங்கள் வீட்டு வழக்கம், அப்படியே இருங்கள். டாக்டரிடம் போவதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நீங்கள் கேட்கிற பரிசோதனைக்கு ஒரு காலம் இருக்கிறது. 11 வாரம் முடிந்ததிலிருந்து 13 வாரம் 6 நாள் வரை, மொத்தம் மூன்றே வாரம். மூணு மாசம் முடிந்து, நல்ல நாள் பார்த்து, லீவு போட்டுக் கிளம்பும்போது பெரும்பாலும் அந்த மூன்று வாரம் போயிருக்கும்.

மதுரையில் இருபது வருடத்துக்கு மேலாகப் பேறுகாலம் பார்க்கிறேன். தாமதமாக வருகிறவர்களிடம் ஏன் என்று கேட்டால், சித்திரையில் "அழகர் ஆத்துல இறங்கட்டும்னு இருந்தோம்" என்பார்கள். ஆடியில் "ஆடி கழியட்டும்னு மாமியார் சொன்னாங்க" என்பார்கள். அப்படி 17-ஆம் வாரத்தில் வந்த ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. முதல் பேறுகாலத்தில் வலிப்பு வந்து பிழைத்தவள். இரண்டாவது முறை முழுகாமல் இருப்பது தெரிந்தும், கண்ணு பட்டுவிடும் என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். ஆஸ்பிரின் மாத்திரை எழுதிக் கொடுத்தேன். ஆனால் அந்த மாத்திரைக்கு வேலை இருந்த வாரங்கள் ஏற்கெனவே கழிந்திருந்தன. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றி. 20 வாரத்துக்குப் பிறகு புதிதாக ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, அதோடு சிறுநீரில் புரதம் இறங்கினாலோ, கல்லீரல், சிறுநீரகம், ரத்தத் தட்டணுக்கள், மூளை இவற்றில் ஏதாவது பாதிக்கப்பட்டாலோ அதற்குப் பெயர் ப்ரீஎக்ளாம்ப்சியா. அது முற்றி வலிப்பு வந்தால் எக்ளாம்ப்சியா. நம் பாட்டிமார் 'ஜன்னி கண்டுருச்சு' என்று சொன்ன பேறுகாலச் சாவுகளில் எத்தனையோ இதுதான். உலக அளவில் நூறு கர்ப்பிணிகளில் இரண்டிலிருந்து எட்டுப் பேருக்கு இது வருகிறது. பெரும்பாலோருக்கு மாதம் நிறைந்த பிறகு, லேசாக வரும். 37 வாரத்துக்கு முன்பு, அதிலும் 34-க்கு முன்பு வருவதுதான் தாயையும் பிள்ளையையும் சேர்த்து அடிப்பது. உங்கள் மனைவியின் அக்காவுக்கு வந்தது அந்த வகை.

இது ஏன் வருகிறது என்பதை மேலூர்க்காரருக்குச் சொல்வது எனக்குச் சுலபம். பேரணையில் பிரிகிற பெரியாறு கால்வாய்த் தண்ணீர் உங்கள் கடைமடைக்கு வந்து சேர வேண்டுமென்றால் வழியெல்லாம் வாய்க்கால் அகலமாக இருக்க வேண்டும். கர்ப்பப்பைச் சுவரில் இருக்கிற சின்ன ரத்தக் குழாய்கள் இயல்பில் ஒடுக்கமான, சுருள் சுருளான வாய்க்கால்கள். நஞ்சுக்கொடியின் செல்கள் முதல் சில மாதங்களில் அவற்றுக்குள் இறங்கி, கரையில் இருக்கிற தசையைக் கரைத்து, குழாயை அகலப்படுத்துகின்றன. தூர் வாருவது போலத்தான். நஞ்சு என்று பெயர் வைத்துவிட்டோமே தவிர, அது செய்கிற வேலை அவ்வளவு நுட்பமானது. ஏறத்தாழ 20 வாரத்துக்குள் இந்த வேலை முடிய வேண்டும். முடிந்தால் பிறகு பிள்ளை எவ்வளவு வளர்ந்தாலும் ரத்தம் தாராளமாக வரும்.

சிலருக்கு இந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. வாய்க்கால் ஒடுக்கமாகவே இருக்கும், பிள்ளைக்கோ நாளுக்கு நாள் தேவை கூடும். பட்டினி கிடக்கிற நஞ்சுக்கொடி தாயின் ரத்தத்தில் சில பொருள்களைக் கலந்துவிடுகிறது. அவை தாயின் உடம்பு முழுக்க ரத்தக் குழாய்களின் உள்சுவரைக் கெடுக்கின்றன. அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிறது. அந்தப் பக்கம் பிள்ளை, தண்ணீர் எட்டாத கடைமடை வயல் மாதிரி, வளர்ச்சி குன்றுகிறது. தாயின் பி.பி.யும் பிள்ளையின் எடைக் குறைவும் பல நேரம் ஒரே வேரிலிருந்து கிளம்புகிறவை. ஏழாம் மாதத்தில் தலைவலியும் கால் வீக்கமுமாக நாம் பார்ப்பது, மூன்றாம் நான்காம் மாதத்திலேயே சத்தமில்லாமல் தொடங்கியது. 12-ஆம் வாரத்தில் அதன் தடம் தெரியும் என்பதுதான் இந்தப் பரிசோதனையின் அடிப்படை.

லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் பேராசிரியர் கைப்ரோஸ் நிக்கோலைடிஸும் அவர் குழுவும் வளர்த்தெடுத்த முறை இது. 2019-இல் உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோ, இந்த முறையில் எல்லாக் கர்ப்பிணிகளையும் சோதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. இதில் நான்கு விவரங்களைச் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள். பெண்ணின் வரலாறு, சரியாக எடுத்த ரத்த அழுத்தம், கர்ப்பப்பைத் தமனியில் ரத்தம் ஓடுகிற விதத்தைக் காட்டுகிற டாப்ளர் ஸ்கேன், ரத்தத்தில் பி.எல்.ஜி.எஃப். என்கிற நஞ்சுக்கொடிப் புரதத்தின் அளவு.

வரலாற்றுக்குக் காசும் இல்லை, மிஷினும் இல்லை. அப்படியிருந்தும் அவசரத்தில் விட்டுப்போவது இதுதான். வயது, உயரம், எடை, இது எத்தனையாவது பிள்ளை, முன்பு பி.பி. வந்ததா, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குவது) மாதிரி நோய்கள், ட்வின்ஸா, ஐ.வி.எஃப். கர்ப்பமா, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ பேறுகால பி.பி. இருந்ததா, எல்லாம் கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு நம் பெண்கள் 'தெரியாது' என்றே பதில் சொல்கிறார்கள். அம்மாவுக்கு என்ன நடந்தது என்று வீட்டில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். 'உன்னைப் பெத்தப்ப ரொம்பக் கஷ்டப்பட்டேன்' என்பதோடு முடிந்திருக்கும். மாமியாரிடமும் அம்மாவிடமும் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்தது ரத்த அழுத்தம். ஒரு காலை நடந்ததைச் சொல்கிறேன். மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து, இரண்டு மாடி ஏறி வந்தாள் ஒரு பெண். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, சுடிதார் கையைச் சுருட்டி மேலே தள்ளி, கையைத் தொங்கவிட்டபடியே பட்டையைச் சுற்றினாள். 142/88 வந்தது. பெண்ணின் முகம் வெளிறிவிட்டது. பாத்ரூம் போய்விட்டு வரச் சொன்னேன். முதுகு சாய்கிற நாற்காலியில் உட்கார வைத்து, பாதம் இரண்டும் தரையில் படும்படி வைத்து, கையை மேஜைமேல் நெஞ்சு மட்டத்துக்கு நீட்டச் சொன்னேன். கூட வந்த அத்தையைக் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கச் சொன்னேன். ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் 118/76. இந்தப் பரிசோதனைக்கு இப்படித்தான் இரண்டு கையிலும் இரண்டிரண்டு முறை எடுத்து, சராசரி பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. உண்மையிலேயே ஏறியிருக்கிற அழுத்தத்தை 'பயத்துல வந்திருக்கும்' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். உட்கார வைத்துத் திரும்ப எடுத்த பிறகும் குறையாவிட்டால் அதைப் பயத்தின் கணக்கில் எழுதக் கூடாது. கணக்குக்கு வேண்டியது சராசரி அழுத்தம். மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழித்து, மூன்றால் வகுத்து, கீழ் எண்ணோடு கூட்டுங்கள். 124/82 என்றால் வித்தியாசம் 42, மூன்றில் ஒன்று 14, ஆக 96. '124 தானே, நார்மல்' என்று விட்டுவிடுகிற பெண்ணுக்கு 12-ஆம் வாரத்தில் 96 என்பது கொஞ்சம் கூடுதல்தான். இந்த நுணுக்கம் அட்டையில் எழுதுகிற பி.பி. எண்ணை மட்டும் பார்த்தால் கண்ணில் படாது.

மூன்றாவது டாப்ளர். மூன்றாம் மாதத்து என்.டி. ஸ்கேன் எடுக்கிறபோதே, வயிற்றின்மேல் வைத்த அதே கருவியைக் கொஞ்சம் சாய்த்து, கர்ப்பப்பை வாயின் இரண்டு பக்கமும் ஓடுகிற தமனிகளைப் பார்க்கிறார்கள். வலி இல்லை, தனி ஊசி இல்லை. திரையில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு மேடு எழும்பும். குழாய் அகலமாகிவருகிற பெண்ணுக்கு மேட்டின் வால் மெதுவாகச் சரிந்து, அடுத்த துடிப்பு வரும்வரை தரையைத் தொடாமல் நீளும். ஒடுக்கமாகவே இருந்தால் மேடு கூராக எழும்பி, சட்டென்று விழுந்து, ஒரு சின்னப் பள்ளம் விட்டு, வால் தரையோடு ஒட்டிக் கிடக்கும். அந்தப் பள்ளத்தை 'நாட்ச்' என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். 12-ஆம் வாரத்தில் ஆரோக்கியமான பெண்கள் பலருக்கும் நாட்ச் இருக்கும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். இரண்டு பக்கத்துத் தடை எண்ணின் சராசரிதான் கணக்கில் சேரும். இதை அளக்கிற இடம், கோணம் எல்லாம் பிசகாமல் இருக்க வேண்டும், அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. ஸ்கேனுக்குப் போகும்போது படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். பாலினத் தேர்வைத் தடுக்கிற 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது எல்லாருக்கும் உண்டு.

நான்காவது ரத்தம். டவுன் சிண்ட்ரோமுக்காக டபுள் மார்க்கர் எடுக்கிறீர்கள் அல்லவா, அதிலேயே பேப்-ஏ என்கிற இன்னொரு நஞ்சுக்கொடிப் புரதத்தின் அளவு வரும். அது மிகவும் குறைந்திருந்தால் பிள்ளையின் வளர்ச்சியைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு. பி.எல்.ஜி.எஃப். இதைவிட நேரான அளவு. நஞ்சுக்கொடி நன்றாக வேர் பிடித்தால் கூடும், திணறினால் குறையும். இரண்டும் ரிப்போர்ட்டில் 'எம்.ஓ.எம்.' என்ற கணக்கில் வரும். அதே வாரத்தில் இருக்கிற பெண்களின் நடு அளவு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.4 என்றால் அதில் பாதிகூட இல்லை. டபுள் மார்க்கருக்கு எடுக்கிற அதே ரத்தத்தில் பி.எல்.ஜி.எஃப்.பும் பார்க்கலாம். எல்லா லேபிலும் கிடைக்காது, முன்னாலேயே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்கையும் போட்டுக் கணக்கிட்டால் '68-இல் 1' என்பது போல ஒரு எண் வரும். இதைப் படிப்பதில்தான் வீடுகளில் அழுகையே. அந்தப் பெண்ணைப் போன்ற விவரம் உள்ள 68 பேரை நிறுத்தினால், அவர்களில் ஒருவருக்கு 37 வாரத்துக்கு முன் இந்த நோய் வரும், 67 பேருக்கு வராது என்று அர்த்தம். 'ஹை ரிஸ்க்' என்ற சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு நோயே வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பல இடங்களில் 100-இல் 1 என்பதை எல்லையாக வைத்து, ரிஸ்க் அதைவிடக் கூடினால் (68-இல் 1 போல) ஆஸ்பிரின் மாத்திரை தருகிறோம். பத்தில் ஒரு பெண்ணைக் குறித்துக்கொள்ளும்படி எல்லையை வைத்தால், 37 வாரத்துக்கு முன் நோய் வரப்போகிறவர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் அதில் அகப்படுவார்கள். வரலாற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் ஐந்தில் இரண்டு பேர்தான் அகப்படுவார்கள். மாதம் நிறைந்த பிறகு வருகிற பி.பி.யை இந்தப் பரிசோதனை பாதிகூடப் பிடிப்பதில்லை. இதைச் சொல்லாமல் 'ஒரே டெஸ்ட்ல எல்லாம் தெரிஞ்சிரும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, உங்கள் மனைவிக்கு வருவோம். தலைப்பிரசவம் ஒன்று, கூடப்பிறந்த அக்காவுக்கு வந்தது இன்னொன்று. பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதலில் இப்படி நடுத்தரக் காரணங்கள் இரண்டு இருந்தாலே 12-ஆம் வாரத்திலிருந்து ஆஸ்பிரின் தரச் சொல்கிறார்கள். நம் நாட்டு மகப்பேறு மருத்துவர் சங்கமான ஃபாக்சியின் கெஸ்டோசிஸ் மதிப்பெண்ணிலும் தலைப்பிரசவத்துக்கு 1, குடும்ப வரலாற்றுக்கு 2, கூட்டினால் 3. அங்கே 3-லிருந்து ரிஸ்க் அதிகம் என்று கணக்கு. ஆகவே டாக்டர் ஆஸ்பிரின் பற்றிப் பேசியது சரிதான். என்னிடம் வந்திருந்தால், பரிசோதனைக்கு வசதி இல்லையென்றாலும் மாத்திரையைத் தொடங்கியிருப்பேன். வசதி இருந்தால் பரிசோதனையும் எடுக்கச் சொல்லியிருப்பேன். பிள்ளையின் வளர்ச்சியை எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்ப்பது என்று முடிவெடுக்க அந்த எண்ணும் டாப்ளரும் உதவும்.

இப்போது உங்கள் அம்மாவின் பயம். அதைத் தள்ளிவிடாதீர்கள், அவர் சொல்வதிலும் ஒரு உண்மை இருக்கிறது. ஆஸ்பிரின் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைக் குறைக்கும். வலிக்குப் போடுகிற பெரிய அளவு கர்ப்பத்தில் கூடாதுதான். நாம் தருவது 150 மில்லிகிராம், இரவில் ஒன்று. இந்தச் சிறிய அளவை 12-ஆம் வாரத்திலிருந்து ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், கருச்சிதைவோ பிள்ளைக்கு ஊனமோ கூடவில்லை. பலனைப் பற்றித் தெளிவாகச் சொன்னது 2017-இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வு. இந்தப் பரிசோதனையில் ரிஸ்க் அதிகம் என்று வந்த 1,776 பெண்களில் பாதிப் பேருக்கு ஆஸ்பிரின், பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. 37 வாரத்துக்கு முன் நோய் வந்தது மருந்தில்லாதவர்களில் நூற்றுக்கு 4.3, ஆஸ்பிரின் போட்டவர்களில் 1.6. அம்மாவிடம் இந்த எண்களைச் சொல்லுங்கள். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள், அதனால் மூச்சிழுப்பு வருகிறவர்கள், வயிற்றுப்புண், ரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்கள் போடக் கூடாது. இன்னொன்றும் நம் ஊருக்காகச் சொல்ல வேண்டும். நடுவில் காய்ச்சல் வந்து டெங்கு சந்தேகம் என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள்.

மாத்திரையை 16 வாரத்துக்குள் தொடங்க வேண்டும், 12-இல் தொடங்குவது உத்தமம். 36-ஆம் வாரம் வரை என்றால் 24 வாரம், 168 இரவு. அதே ஆய்வில், பத்தில் ஒன்பது மாத்திரையாவது தவறாமல் போட்டவர்களுக்குப் பலன் நன்றாகக் கூடியது, விட்டு விட்டுப் போட்டவர்களுக்குக் குறைந்தது. 168-இல் 16-க்கு மேல் தவறக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வருகிற ஒரு குடும்பத்தில் மாமனார் ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் கிழிக்கிற தினக் காலண்டர் தாளை இரவில் கிழிப்பது என்று மாற்றினார். மருமகள் மாத்திரை போட்ட பிறகுதான் தாள் கிழியும். அந்தப் பெண்ணுக்கு ஒன்றுகூடத் தவறவில்லை.

கால்சியத்தையும் விடாதீர்கள். உணவில் கால்சியம் குறைவாக உள்ள பெண்களுக்குக் கால்சியம் மாத்திரை இந்த நோயைக் குறைக்கிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். பெங்களூரிலும் தான்சானியாவிலும் ஏறத்தாழ 22,000 பெண்களிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 500 மில்லிகிராம் கொடுத்தாலே 1,500 கொடுத்ததற்குச் சமமான பலன் என்று தெரிந்தது. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது, ஒன்று காலை என்றால் மற்றது மாலை. கேப்பைக் கூழும் களியும் தாராளமாகக் கொடுங்கள். உப்பில்லாமல் சாப்பிடச் சொல்வது, படுக்கையிலேயே கிடக்கச் சொல்வது, பார்லித் தண்ணீர் குடித்தால் பி.பி. வராது என்பது, இவற்றுக்கு இந்த நோயைத் தடுக்கிற சக்தி கிடையாது.

பிள்ளையின் வளர்ச்சி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பி.பி. இல்லாமலேயே வளர்ச்சி குன்றுகிற பிள்ளைகளை 12-ஆம் வாரத்துப் பரிசோதனை அவ்வளவாகப் பிடிக்காது. ஆஸ்பிரினும் அந்த வகைக்குப் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. ஆனால் 12-ஆம் வார ஸ்கேன் வேறு ஒரு பெரிய உதவி செய்கிறது. பிள்ளையின் நீளத்தை அளந்து வயதை உறுதிப்படுத்துகிறது. கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி கேட்டால் "பொங்கலுக்கு ரெண்டு நாள் கழிச்சுன்னு நெனக்கிறேன்" என்பார்கள். ஏழாம் மாதத்தில் பிள்ளை சின்னதாகத் தெரிந்தால், உண்மையிலேயே குன்றியிருக்கிறதா, தேதிதான் தப்பா என்று அப்போது கண்டுபிடிக்க முடியாது. வயது சரியாகத் தெரிந்தால் 28, 32, 36 வாரங்களில் எடுக்கிற ஸ்கேனை வைத்து, வளர்ச்சிக் கோடு எங்கே வளைகிறது என்று பார்க்கலாம். எடை குறைவு என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. தொப்புள்கொடி டாப்ளரும் பார்க்க வேண்டும். இயல்பிலேயே சின்ன உடம்பான பிள்ளையையும் பட்டினி கிடக்கிற பிள்ளையையும் பிரித்துக் காட்டுவதில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு. ஒரு முறை, எடை 'சற்றுக் குறைவு' என்று மட்டும் எழுதி, டாப்ளர் பார்க்காமல் அனுப்பிய ரிப்போர்ட்டோடு ஒரு பெண் மூன்று வாரம் நிம்மதியாக இருந்துவிட்டு வந்தாள். என் ஸ்கேனில் கொடியின் ரத்த ஓட்டம் துடிப்புக்குத் துடிப்பு நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. அன்றே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிள்ளை பிழைத்தது.

அப்புறம் வளைகாப்பு. இதை நான் ஒவ்வொரு தலைப்பிரசவப் பெண்ணின் வீட்டிலும் சொல்கிறேன். ஏழாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று வளையல் போட்டு அம்மா வீட்டுக்கு அனுப்புகிறோம். அங்கே வேறு டாக்டர், வேறு ஊர். ஆஸ்பிரின் சீட்டு இங்கே பீரோவில் இருக்கும், 32-ஆம் வார ஸ்கேன் 'அங்க போய்ப் பார்த்துக்குவாங்க' என்று நழுவும். அங்கே இருப்பவர்களோ 'இங்கேயே எடுத்திருப்பாங்க' என்று நினைப்பார்கள். நோய் தலைகாட்டுகிற வாரங்களும் இவைதான். உங்கள் மனைவி அம்மா வீட்டுக்குப் போகும்போது 12-ஆம் வார ரிப்போர்ட், பி.பி. எண்கள் எழுதிய அட்டை, மாத்திரை அட்டை மூன்றையும் வளையல் பெட்டியோடு சேர்த்து வையுங்கள்.

செலவு ஒரு கேள்வியாக இருந்தால் அதற்காக எதையும் விட்டுவிட வேண்டாம். கிராம சுகாதார செவிலியரிடம் 12 வாரத்துக்குள் பதிவு செய்துவிடுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவி 18,000 ரூபாய்க்கும் அந்தப் பதிவு வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒவ்வொரு செக்கப்பிலும் பி.பி., எடை, சிறுநீர் புரதம் பார்க்கிறார்கள். மாதம்தோறும் 9-ஆம் தேதி மத்திய அரசின் கர்ப்பிணிகள் முகாமில் டாக்டரே பார்ப்பார். வரலாறும் ஒழுங்காக எடுத்த பி.பி.யும் சேர்ந்தாலே நான்கு விவரத்தில் இரண்டு கையில் இருக்கிறது. பி.எல்.ஜி.எஃப். எடுக்க முடியவில்லை என்று மனம் உடைய வேண்டாம்.

ரிப்போர்ட்டில் 'லோ ரிஸ்க்' என்று வந்தாலும் 20 வாரத்துக்குப் பிறகு பி.பி. பார்ப்பதை ஒரு முறைகூட விடக் கூடாது. விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது அல்லது மங்கலாகத் தெரிவது, நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழேயோ வலி, முகமும் கையும் திடீரென்று வீங்கி மோதிரம் கழற்ற முடியாமல் போவது, பிள்ளை அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். நெஞ்சுக்குழி வலியை 'கேஸ்' என்று ஓமத் தண்ணீர் கொடுத்துத் தூங்க வைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பி.பி. 160/110-ஐத் தாண்டினால் அது அவசர நிலை. வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கிறது. அது வலிப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று 2002-இல் மேக்பை ஆய்வு காட்டியது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போட்டுவிடுவார்கள். பிள்ளை பிறந்த பிறகும் ஆறு வாரம் இந்தக் கவனம் வேண்டும், பிரசவத்துக்குப் பின்னால் ஏறுகிற பி.பி.யும் உண்டு.

ஆக, அடுத்த வாரமே ஸ்கேனுக்கு நாள் குறியுங்கள், 12 வாரத்தை ஒட்டி. வரும்போது மனைவியின் அக்காவுடைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்கி வாருங்கள். அவருக்கு எந்த வாரத்தில் பி.பி. ஏறியது, பிள்ளையின் எடை அந்த வாரத்துக்கு எவ்வளவு குறைவு என்பதெல்லாம் டாக்டருக்கு வேண்டும். அதை வாங்கும்போது அவரிடமே ஒன்று கேளுங்கள், இந்த மூன்று வருடத்தில் பி.பி. பார்த்தாரா என்று. இந்த நோய் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. பிள்ளை தேறியதும் எல்லாரும் பிள்ளையைத்தான் பார்த்திருப்பார்கள். அன்றைக்கு ஸ்கேனுக்கு அவரையும் கூட்டி வாருங்கள், அதே நாற்காலியில் உட்கார வைத்து அவருக்கும் ஒரு தடவை எடுத்துவிடலாம்.